டவுட்டு அண்ணன் உயர்த்திய வண்டி

தன் நிழலையே நிறுத்தி வைத்து, "யார்றா நீ? எதுக்கு என் பின்னாடியே வர்ற?" என்று கேட்கக்கூடியவர் புதுச்சேரியில் ஒருவர்தான். முத்தியால்பேட்டையில் பைக் பட்டறை வைத்திருக்கும் டவுட்டு அண்ணன். நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "எதுக்குக் கேக்குற? என் பேர்ல லோன் போடப் போறியா?" என்றார். விட்டுவிட்டேன்.

டீ வந்தால் கொண்டுவந்தவர் முதலில் ஒரு மடக்கு குடித்துக் காட்ட வேண்டும். பஞ்சர் என்று போனால், "ஆணி ஏறின எடத்துல பஞ்சர் கடை இருந்துச்சா?" என்பார். தான் முறுக்கிய போல்ட் ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பார். வேறு யாராவது கை வைத்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நெயில் பாலிஷ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கு பாட்டிலின் வெளியே இன்னொரு கோடு.

பாகூர் பக்கத்துக் கிராமங்களில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவது என் வேலை. அதற்காக, ரோட்டிலும் சேற்றிலும் ஓடக்கூடிய பைக் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தேன். விற்றவர் உப்பளம் பேட்டையில் இருக்கும் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். வண்டி நல்ல வண்டிதான். ஆனால் ஏரிக்கரைப் பாதையில் அதன் வயிறு கல்லில் இடித்துக்கொண்டே வந்தது. ஒருநாள் இன்ஜினின் அடி உடைந்து ஆயிலெல்லாம் கொட்டி, நடுவழியில் நின்றேன். பின்னால் கட்டியிருந்த மருந்துப் பெட்டியில் ஐஸ் உருகி, மருந்து அத்தனையும் வீண்.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சின்னா நீ ஃபீல்டுக்கே போவ வேணாம். இங்கயே உக்காந்து ரெஜிஸ்டர் எழுது" என்று எங்கள் கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். முட்டுகிற மாட்டிடம்கூட எனக்குப் பயம் இல்லை. ரெஜிஸ்டரிடம் உண்டு.

உயரமான புது சஸ்பென்ஷன் வாங்க வசதியில்லை. டவுட்டு அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, செலவு இல்லாம வண்டியக் கொஞ்சம் ஒசத்தித் தரணும்."

"எதுக்கு?"

"ஏரிக்கரையில அடி இடிக்குது."

"ஏரிக்கரையில உனக்கு இன்னா வேல?"

"மாட்டுக்கு ஊசி போடுறேன்ணே."

"ஊசி போடுறியா, மண்ணு அள்ளுறியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியை மூன்று சுற்று சுற்றினார். பிறகு தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்தார். எழுந்தபோது முகத்தில் திருடனைப் பிடித்த களை.

"ஸ்டாண்ட அறுத்துக் குட்டையாக்கி ஒட்டியிருக்கான். முன்னாடி ஃபோர்க்கு ரெண்டும் மேல ரெண்டு வெரல் துருத்திகினு நிக்குது. பின்னாடி ஷாக்குல மாட்டியிருக்கிற பட்டை கம்பெனி பட்டையே இல்ல, லேத்துல நீளமா அடிச்சது. பட்டை நீண்டா வண்டி எறங்கும். இத்த ஒசத்த வேணாம். எவனோ எறக்கி வச்ச வண்டி இது. ஒசந்த வண்டிய ஒருத்தன் எதுக்கு எறக்கணும்?"

"பழையபடி மாத்தினா போதுமாண்ணே?"

"போதும். ஆனா பழைய பட்டை எங்க? வா, கேப்போம்."

உப்பளத்தில் கதவைத் திறந்த சொல்தாவை அன்றுதான் டவுட்டு அண்ணன் பார்த்தார். ஆறடி உயரம். அண்ணனின் கண் சுருங்கியது. பிரெஞ்சு மரியாதை மட்டும் குறையவில்லை.

"முசியே, ஒங்களுக்கு இந்த வண்டி சரியான ஒசரம். எதுக்கு எறக்குனீங்க? எங்கனா ஆக்சிடென்ட்டா? மறைக்காம சொல்லுங்க."

எனக்கு மானம் போயிற்று. சொல்தா உள்ளே போய், துணியில் சுற்றிய இரண்டு இரும்புப் பட்டைகளோடு வந்தார்.

"எங்க வூட்டு மதாமுக்கு முட்டி வலி. காலத் தூக்கி ஏற முடியல. ஆனா சாயங்காலம் பீச் ரோட்டுல ஒரு ரவுண்டு போயே ஆவணும் அவளுக்கு. அதான் எறக்கினேன். இப்ப அவ இல்ல. இந்தாங்க."

டவுட்டு அண்ணன் அடுத்த கேள்வி கேட்காததை அன்றுதான் பார்த்தேன். பட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தெருமுனை வரைக்கும் அதைத் துணியில் திரும்பச் சுற்றிக்கொண்டே வந்தார். அப்புறம், "நல்ல மனுஷன்" என்றார். நாலடி நடந்து, "எதுக்கும் பட்டைய ஒரு வாட்டி அளந்து பாத்துடுவோம்" என்றார்.

மேலே துருத்தியிருந்த ஃபோர்க்கைக் கீழே இறக்கி, பழைய பட்டையை மாட்டி, ஸ்டாண்டின் அடியில் ஒரு துண்டு இரும்பை வெல்டிங் வைத்து, செயினைச் சரிபார்த்து, கோடுகளெல்லாம் இழுத்து முடித்தார். வண்டி கன்றுக்குட்டி மாதிரி நிமிர்ந்து நின்றது. ஆனால் சாவியைத் தரவில்லை.

"உக்காரு. கால் எட்டுதா?"

நான் ஐந்தடி மூன்றங்குலம். கால் கட்டைவிரலில் எம்பிக்கொண்டே, "எட்டுதுண்ணே" என்றேன்.

"எட்டுதுன்னு நீ சொல்ற" என்று, மனசே இல்லாமல் சாவியை நீட்டினார்.

மறுநாள் காலை மழை. ஏரிக்கரையில் ஒரு கல்கூட வயிற்றில் இடிக்கவில்லை. குஷியாகப் போனேன். திருப்பத்தில் ஒரு எருமை குறுக்கே நிற்க, பிரேக் பிடித்துக் காலை ஊன்றினேன். காலுக்குக் கீழே தரை இல்லை. வண்டி ஏரிப் பக்கம் சாய்ந்தது. பின்னால் மருந்துப் பெட்டி. ரெஜிஸ்டர் கண்முன் திறந்துகொண்டது.

சாய்ந்த வண்டி பாதியில் நின்றது. திரும்பினால், கேரியரை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி டவுட்டு அண்ணன். முழங்கால் வரை சேறு. பக்கத்திலேயே சேற்றில் சாய்ந்து கிடந்தது அவருடைய மொபெட். காலையிலிருந்து என் பின்னாடியே வந்திருக்கிறார்.

"எட்டாதுன்னு எனக்குத் தெரியும்டா."

"பட்டறைய மூடிட்டா வந்தீங்க?"

"நெட்டு போல்ட்டப் பாக்க வந்தேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று கடைசி மாட்டுக்கு ஊசி போடும்வரை சேறு கண்ட இடமெல்லாம் கேரியரைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்.

சாயங்காலம் சீட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே இருந்த பஞ்சில் இரண்டு விரல் கனத்தை அறுத்து எடுத்தார். இப்போது கால் எட்டுகிறது. உட்காருவதோ பலகையில் உட்காருவது மாதிரி. வீடு போய்ச் சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். நல்ல குஷன் போட்டுக்கொள்ளச் சொல்லாத ஆள் இல்லை.

போடமாட்டேன். எனக்குக் கால் எட்ட வேண்டும் என்று அவர் தன் கையால் அறுத்த சீட்டு அது.