மேபெல் படகின் வெந்நீர்ப் பேய்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் டென்னஸியின் அந்த ஏரிக்கரைத் தேவாலயத்தில் பாட ஆள் கிடைக்காது. ஊரே படகுத்துறையில் இருக்கும். மடக்கு நாற்காலி, பொரித்த கெளுத்தி மீன், ஜாடி ஜாடியாக இனிப்புத் தேநீர். கூடவே முட்டிவலி, முதுகுவலி, மருமகள் கொடுத்த தலைவலி. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, 'மேபெல்' என்ற பழைய வீட்டுப்படகைச் சுற்றியிருந்த தண்ணீர்தான். காலை விட்டால் ஜிவ்வென்று ஏறும். அந்த ஜிவ்வு, படகின் பழைய சொந்தக்காரர் கேப்டன் ஹோபார்ட்டின் ஆவியாம். உயிரோடிருந்த காலத்தில் யாருக்கும் ஒரு வாய் காபி கொடுக்காத மனிதர், செத்த பிறகு ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்!

அவருக்குக் காரியதரிசி லெம்யூல் பிரதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, காலடியில் ஒரு தகர வாளி. ஆவிக்குப் பணம் தேவையில்லை, வாளிக்குத் தேவைப்பட்டது.

படகை வாங்கியிருந்தவள் நாடின். கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்பவள். நாள் முழுக்கப் பொய் கேட்டுப் பழகிய காதுகள்தான். ஆனால் தன் படகைப் பார்க்க நாலு ஊரிலிருந்து கார் வருகிறது என்றதும் அந்தக் காதுகளும் கொஞ்சம் அடைத்துக்கொண்டன.

படகு வந்த அன்றைக்கே முதல் அதிசயம் நடந்திருந்தது. கரையிலிருந்த மின்கம்பத்தில் படகின் கேபிளைச் சொருகினாள். டப்! கம்பத்தின் சுவிட்ச் தானாக விழுந்து கரண்ட் நின்றது. மறுபடி சொருகினாள். மறுபடி டப்! லெம்யூல் பிரதர் எங்கிருந்தோ முளைத்தார்.

"கேப்டன் கோவமா இருக்காரும்மா. நீ போயி ஒரு காபி குடிச்சிட்டு வா. நான் தனியாப் பேசிப் பாக்கறேன்."

அவள் திரும்பி வந்தபோது விளக்கு எரிந்தது, பிரிட்ஜ் ஓடியது, பிரதர் கண்மூடி நின்றார். பிறகு சுவிட்ச் விழவே இல்லை. நாடின் கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அறிவாளிகள் ஏமாறும்போது கொஞ்சம் கண்ணீரும் சேர்த்துத்தான் ஏமாறுவார்கள்.

அவள் அடைத்த காதைத் திறந்துவிட்டது அவளுடைய அக்கா ஒபலின்தான். காலை மட்டும் நனைத்து முட்டிவலி போகவில்லை என்று ஒரு ஞாயிறு முழு உடம்போடு இறங்கினாள். படகை நோக்கி நாலு கை போட்டிருப்பாள். கை அப்படியே விறைத்து நின்றுவிட்டது. கத்த வாய் திறந்தாள். தண்ணீர்தான் உள்ளே போனது. கூட்டம் "அல்லேலூயா!" என்றது. பிரதர் மட்டும் பாடவில்லை. ஓடிப்போய் ஒரு நீண்ட மரக்கம்பை எடுத்து நீட்டி, அவள் சட்டையில் மாட்டி, கரைக்கு இழுத்தார். தன் செருப்பின் நுனிகூட நனையாதபடி இழுத்தார்.

"கேப்டன் பாசத்துல இறுக்கிக் கட்டிக்கிட்டாரு," என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

நாடினுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆவியைக் கட்டிப்பிடிக்கச் சொல்லி ஊரையே தண்ணீரில் இறக்குகிறவன், தான் மட்டும் ஏன் காய்ந்த மரக்கட்டையைத் தேடி ஓடினான்?

மறுநாள் லீவு போட்டாள். கரண்ட் இருக்கிறதா என்று காட்டும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினாள். அதன் ஒரு முனையைத் தண்ணீரில் தொங்கவிட்டு, மறுமுனையைத் துறையின் எர்த் கம்பியில் வைத்தாள். படகிலிருந்த சுவிட்சுகளை எல்லாம் அணைத்தாள். மீட்டர் தூங்கியது. விளக்கைப் போட்டாள்; ஒன்றுமில்லை. பிரிட்ஜ், ஒன்றுமில்லை. வெந்நீர் பாய்லரைப் போட்டாள். மீட்டர் எகிறியது! கேப்டன் ஹோபார்ட் பாய்லருக்குள் குடியிருந்தார்.

மெயினை அணைத்து, பாய்லருக்குள் தண்ணீரைச் சூடேற்றும் கம்பியைக் கழற்றிப் பார்த்தாள். துருப்பிடித்து வாய் பிளந்திருந்தது. அப்படியானால் கம்பத்தின் சுவிட்ச் ஏன் விழவில்லை? கேபிளைத் தடவிக்கொண்டே போனாள். அது அவளுடைய கம்பத்துக்கே போகவில்லை. பலகைகளுக்கு அடியில் நழுவி, துறைக் கோடியிலிருந்த பழங்கால மின்கம்பத்துக்குப் போயிருந்தது. அதில் கசிவு கண்டால் விழுகிற சுவிட்சும் இல்லை, எர்த்தும் இல்லை. கசிந்த கரண்டுக்கு ஏரியை விட்டால் வேறு வழியும் இல்லை. கேப்டனோடு பிரதர் 'தனியாகப் பேசிய' லட்சணம் இதுதான்.

அடுத்த ஞாயிறு. கூட்டம் தண்ணீரில் கால்களைத் தொங்கவிட்டிருந்தது.

"வர்றாரு! கேப்டன் வர்றாரு! தெரியுதா?" என்று பிரதர் முழங்கினார்.

"தெரியுது பிரதர்! இடுப்பு வரைக்கும் ஏறுது!"

"எனக்குக் கழுத்துக்கு வந்துட்டாரு!"

நாடின் முன்னால் வந்தாள். கையில் பாம்பைப் பிடித்தவள் போலக் கேபிளின் பிளக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"கழுத்து வரைக்கும் வந்தவரு இதோ என் கையில இருக்காரு. காலையிலேயே பிடுங்கிட்டேன்."

கூட்டம் விழித்தது. பிரதர் சிரித்தார். "பைத்தியக்காரி! ஆவிக்கு ஒயர் எதுக்கும்மா? விசுவாசம் இருந்தா போதும்."

"அப்படியா? எல்லாரும் மேல ஏறுங்க. பிரதர் மட்டும் எறங்கட்டும்." சொல்லிக்கொண்டே நடந்து போய்ப் பழைய கம்பத்தில் பிளக்கைச் சொருகினாள். "ம், எறங்குங்க."

"எனக்கு... சளி புடிச்சிருக்கு."

"சளிக்கும் கேப்டன் மருந்து தருவாருன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் ஒபலின். இரண்டு அடி முன்னால் வந்து அவர் கையைப் பிடித்தாள். "வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"விடுடி! கரண்ட் ஓடற தண்ணியில எறங்கினா செத்துப் போயிடுவேன்!"

பிடித்த கையை அவள் விடவில்லை.

"கரண்டா?" என்றாள் ஒபலின். "அப்ப என்னை எதுல எறக்கிவிட்ட?"

நாடின் பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்துப் பலகையில் வைத்தாள். ஒன்று, வாய் பிளந்த பாய்லர் கம்பி. இன்னொன்று, பழைய கம்பத்தின் பியூஸ். "பயப்படாதீங்க பிரதர். இந்தத் தண்ணியில இப்ப ஒண்ணுமே இல்ல. உங்க வாயில இருந்த உண்மைதான் வெளிய வரணும்னு பார்த்தேன். வந்துடுச்சு."

பிரதர் வாளியை மறந்துவிட்டு ஓடினார். நாடின் வரச்சொல்லியிருந்த ஷெரிப்பின் போலீஸ்காரர்கள் மறந்துவிடவில்லை. வாளியோடு சேர்த்து அவரையும் அள்ளிப் போனார்கள்.

கூட்டம் கலைந்தது. முதுகு வளைந்த ஒரு பெரியவர் மட்டும் நின்றார். பலகையில் கிடந்த பாய்லர் கம்பியை ஆசையோடு பார்த்தார்.

"ஏம்மா நாடின், கேப்டன் குடியிருந்த கம்பியாச்சே. எனக்குக் குடுத்தா ராத்திரி முதுகுக்குக் கீழ வெச்சுப் படுத்துக்குவேன்."

நாடின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பியை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே குப்பைத்தொட்டியில் போட்டு மூடினாள்.

தண்ணீர் கடித்தால் கும்பிட்டு நிற்காதீர்கள், ஐயா. கரையேறி எங்கே கசிகிறது என்று பாருங்கள். பாய்லரில் கசிந்தால் பிளக்கைப் பிடுங்க ஒரு நாடின் வருவாள். புத்தியில் கசிந்தால் அவரவர்தான் பிடுங்கியாக வேண்டும்.