ஆம்பூரில் பிறந்தவனும் மூணாம் நம்பர் டிரம்மும்

எனக்கு வேலை நிரந்தரமாகாமல் இரண்டு வருஷம் தள்ளிப்போனதற்குக் காரணம் தேவசகாயம். இதை அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லிவிட்டேன். அவன் சிரிக்கிறான். பிற்பாடு என் தங்கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஆகிவிட்டதால் அடிக்கவும் வழியில்லை.

எழுபதுகளின் கடைசி. ராணிப்பேட்டையில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் நான் தற்காலிக எலக்ட்ரீஷியன், அவன் ஸ்டோர் கிளார்க். அந்த டேனரியிலேயே பெரிய கெட்டிக்காரன் நான்தான் என்று ஒரே ஒரு ஆள் நம்பிக்கொண்டிருந்தான். அந்த ஆள் நான்.

ஒரு வியாழக்கிழமை காலை மேனேஜர் பாய் என்னைக் கூப்பிட்டார். "பால்ராஜ், நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். கரண்ட் விஷயத்துல ஒரு குறை சொல்லாம அவரு போய்ட்டாருன்னா, திங்கக்கிழமை ஒனக்கு பர்மனெண்ட் ஆர்டர்."

"ஒரு குறை இருக்காது பாய். நான் இருக்கேன்ல?" என்றேன். (இதைச் சொன்ன வாயை இன்றைக்கும் கண்ணாடியில் பார்த்தால் எரிச்சல் வரும்.)

மூணாம் நம்பர் டிரம்முக்கான சுவிட்ச் பெட்டியில் 'சொர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தோலைப் போட்டு உருட்டுகிற, ஒரு அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய்தான் டிரம். அதன் சுவிட்ச் ஓர் இரும்புப் பெட்டிக்குள், கைப்பிடி வெளியே. கைப்பிடி ஆனில் இருந்தால் கதவு திறக்காது. கதவு திறந்திருந்தால் உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு நாக்கு வந்து தடுக்கும், கைப்பிடி ஆனுக்குப் போகாது. திறந்த பெட்டிக்குள் எவனும் கைவிட்டுச் சாகக் கூடாது என்பதற்காக யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு.

எனக்கோ கதவைத் திறந்து வைத்து, கரண்ட் ஓடும்போதே பொறி எங்கே பறக்கிறது என்று பார்க்க வேண்டும். "இதெல்லாம் வேலை தெரியாதவனுக்குப் போட்ட பூட்டு" என்று சொல்லிக்கொண்டே, நாக்கை இழுத்துக் கட்டக் கயிறு கேட்டு ஸ்டோருக்குப் போனேன்.

"கயிறு இல்லப்பா" என்றான் தேவசகாயம். வாசலில் கிடந்த கழிவுத் தோலில் நீளமாக ஒரு துண்டைக் கத்தியால் சீவிக் கொடுத்தான். "இத்த வெச்சுக் கட்டு. கயிறை விட ஸ்ட்ராங்கு."

வாங்கிக்கொண்டேன். உப்பு போட்ட ஈரத் தோலைக் கரண்ட் பெட்டிக்குள் கட்டுகிற எலக்ட்ரீஷியனை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? நாக்கைப் பின்னால் இழுத்து, பக்கத்தில் பெட்டிக்குள் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடித் தண்டோடு சேர்த்துக் கட்டினேன். ஈரத் தோல் இழுத்த இழுப்புக்கு வந்தது. கைப்பிடி ஆனுக்குப் போனது. பொறி பறந்த இடத்தையும் பார்த்தேன். ஆஃப் செய்து ஸ்க்ரூவை முறுக்கினேன், சத்தம் நின்றது. கதவைச் சாத்தி மறுபடி ஆன் போட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

கட்டை அவிழ்க்கவில்லை.

அந்த டிரம் வியாழன் பகல் முழுக்க, ராத்திரி முழுக்க, வெள்ளி மத்தியானம் வரை நிற்காமல் ஓடியது. பெட்டிக்குள் நல்ல சூடு. பச்சைத் தோல் காய்ந்தால் என்ன ஆகும் என்று, தோல் தொழிலே பிழைப்பான எங்கள் ஆம்பூரில் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். சுருங்கும். சுருங்கி இரும்பாகும்.

இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தவர், சரியாக மூணாம் நம்பர் முன்னால் நின்றார். "ஆஃப் பண்ணிக் கதவைத் திறந்து காட்டுப்பா."

கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை. இரண்டு கையால் இழுத்தேன். ம்ஹூம். நாக்கையும் தண்டையும் அந்தத் தோல் ஒன்றாக இறுக்கிப் பிடித்திருந்தது. ஆஃப் பண்ண வேண்டுமானால் கதவைத் திறந்து கட்டை அறுக்க வேண்டும். கதவைத் திறக்க வேண்டுமானால் ஆஃப் பண்ண வேண்டும்.

"புதுசு சார், கொஞ்சம் டைட்டா இருக்கு" என்றேன். பெட்டி என்னை விட வயதில் மூத்தது.

கைப்பிடியில் ஒரு பைப்பைச் சொருகி, சுவரில் காலை உதைத்து, மூச்சைப் பிடித்து இழுத்தேன். கைப்பிடி முறிந்தது. நான் மல்லாக்க விழுந்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்ததாகத் தேவசகாயம் சொல்லித் திரிவது பொய். ஈரத் தோல் குவியலில்தான் விழுந்தேன். டிரம் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மெயினை நிறுத்து" என்றார் இன்ஸ்பெக்டர்.

மெயின் அறைச் சாவி மேனேஜர் பாய் சட்டைப் பையில். அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். தொழுகையில் இருக்கிறவரைப் போய் எழுப்ப முடியுமா? முக்கால் மணி நேரம் நானும் இன்ஸ்பெக்டரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து டிரம் சுற்றுவதைப் பார்த்தோம். இடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நிறுத்தற நேரம் தாண்டிட்டா உள்ள இருக்கற தோல் இன்னா ஆவும்?"

"ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கும் சார்."

"ஓஹோ."

பாய் வந்தார், மெயினை நிறுத்தினார், மொத்த ஷெட்டும் அடங்கியது. உளி வைத்துக் கதவைப் பெயர்த்தோம். இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"இது இன்னா?"

"தோல் சார்."

"கம்பெனிக்காரன் வெச்சதா?"

"இல்ல சார். நான்."

"மாடா, ஆடா?"

"ஆடு சார்."

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். முதல் சிரிப்பு ஸ்டோர் பக்கத்திலிருந்து வந்தது. மேனேஜர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். "ஏம்பா, நீ ஆம்பூர்ல பொறந்தவன்தானே? தோல் காஞ்சா சுருங்கும்னு கூடவா தெரியாது?"

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். திங்கட்கிழமை ஆர்டர் போட்டார்கள், புதுக் கைப்பிடிக்கு. எனக்கு வரவில்லை.

எனக்குக் கல்யாணமாகி வந்தவளிடம் முதல் வாரமே தேவசகாயம் இந்தக் கதையை ஒப்பித்துவிட்டான். அன்று முதல் ஊறுகாய் பாட்டில் மூடி திறக்காவிட்டாலும், குடை விரியாவிட்டாலும், "ஆம்பூர்லதானே பொறந்தீங்க?" என்பாள். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். இப்போது பேரனும் கேட்கிறான். அவன் பிறந்தது பெங்களூரில்.

கட்டினது நான், அவிழ்க்காமல் விட்டதும் நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஸ்டோரில் தேவசகாயத்தின் ஸ்டூலுக்குக் கீழே ஒரு முழுச் சணல் கயிறு உருண்டை இருந்ததை நான் மறு வாரம் என் கண்ணால் பார்த்தேன். ஆகவே மாப்பிள்ளை, வருகிற அறுப்பின் பண்டிகையில் சர்ச்சில் காணிக்கைப் பொருள் ஏலம் முடிந்ததும், போதகர் கையிலிருந்து மைக்கை வாங்கி, மொத்தச் சபைக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்: கயிறு இருந்ததா, இல்லையா?