ஏரிப் பூதத்துக்குப் பட்டா

இந்த ஞாயிறும் ஏரிப் பூதம் காபி ஆறுவதற்குள் செத்துப்போனது.

கொன்றவர் அசரியா. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பூதத்துக்கு எத்தனை உயிர்ப் புள்ளி மிச்சம் என்று மனக்கணக்காகவே போட்டுப் பகடையை உருட்டி, “செத்துடுச்சு சார், அடுத்தது?” என்று கேட்டுவிட்டு விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டார்.

ஜெயகிருஷ்ணனுக்கு அழுகை வராத குறை. வாரம் முழுக்கச் சிறுசேரியில் யாரோ எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருடையது. சிட்லபாக்கத்தில் தன் வீட்டு மாடியில், காலியாகக் கிடந்த போர்ஷனில் மேசையைப் போட்டு, அசரியாவையும், திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஷெர்வினையும் உட்காரவைத்துக் கதை சொல்வார். அவர்கள் கதைக்குள் வீரர்கள். வெட்டு விழுந்ததா தவறியதா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். பேய், பூதம், நாகம் எல்லாம் ஜெயகிருஷ்ணன் பொறுப்பு.

பெங்களூரில் ஒரு பதிப்பகம் இந்த மாதிரி விளையாட்டுக்குப் பூதங்களை மட்டும் வைத்து ஒரு புத்தகம் போடுகிறது. இவர் எழுதி அனுப்பிய ஏரிப் பூதம் பிடித்துப்போய், அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஆள் அனுப்பி ஆட்டத்தை நேரில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தேறினால் புத்தகத்தில் அவர் பெயர் வரும். அதுவரை அவர் பெயர் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான்.

வார நாளில் இருவரையும் கெஞ்சிக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தார். உயிர்ப் புள்ளியை மூன்று மடங்கு ஏற்றினார். பூதம் சாகவில்லை, ஆட்டம் செத்தது. பூதத்தின் முறை வரும்போதெல்லாம் அசரியா ஒரு விடைத்தாளைத் திருத்தி முடித்தார். சரி என்று வாலுக்கு விஷம் சேர்த்தார். வால் ஒரு சுழற்றுதான் சுழன்றது, வீரர்கள் இருவரும் காலி. “இது ஆட்டம் இல்ல மச்சான், அடாவடி” என்று ஷெர்வின் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

கடைசியில் பூதத்தின் கோபத்துக்கு ஒரு காரணம் வைத்தார். அந்த ஏரி பூதத்தின் சொத்து. மனிதர்கள் கரையை உடைத்து, மண்ணைக் கொட்டி, மனை போட்டு வீடு கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் பூதம் தன் இடத்தைத் தேடிக்கொண்டு வருகிறது. கோபத்தில் நியாயம் இருந்தால் சண்டை சூடுபிடிக்கும் என்று நம்பினார்.

அந்த ஞாயிறும் வந்தது. மனைவி சுஜி பஜ்ஜியைப் போட்டு வைத்துவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது ஏதோ சொன்னாள். பூதத்தின் வாலிலேயே கவனமாக இருந்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சிறிது நேரத்தில் மாடிப்படி ஏறி ஒரு பெண் வந்தார். தோளில் பை. வாசலில் நின்றபடியே கூரை, ஜன்னல், சுவர் மூலை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். ஆட்டம் நடக்கிற இடத்தையே இப்படி ஆராய்கிறவர் ஆட்டத்தை எப்படி ஆராய்வாரோ என்று ஜெயகிருஷ்ணன் பூதத்தின் குறிப்பை அவசரமாக ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

“சாயங்காலம் வரச் சொன்னாங்க” என்றார் அந்தப் பெண்.

“உங்களுக்காகத்தான் மேடம் காத்துக்கிட்டிருக்கோம்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் ஜெயகிருஷ்ணன். விதிகளை விளக்க வாயெடுத்தவர், இவருக்குத் தெரியாததா என்று நிறுத்திக்கொண்டார். “நான் ஒரு நிலைமை சொல்வேன். நீங்க என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க. அதை வெச்சுத்தானே எல்லாம் முடிவாகப்போவுது.”

அந்தப் பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்தார்.

மழை கொட்டுகிறது. கேட்டுக்கு வெளியே பனைமர உயரத்துக்குப் பூதம். இது என் இடம் என்று கர்ஜிக்கிறது. ஜெயகிருஷ்ணன் கர்ஜித்தே காட்டினார். ஷெர்வின் ஆசையாகப் பகடையை எடுத்தார். மரியாதைக்கு முதல் வாய்ப்பு விருந்தாளிக்குப் போனது.

“கேட்டைத் தொறந்து, உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்வேன். அவரு இடம்தானே.”

ஷெர்வின் பகடையைக் கீழே வைத்தார். பூதத்தை ‘அவரு’ என்று சொல்லி அந்த மேசையில் யாரும் கேட்டதில்லை.

பூதத்தை இன்னும் முரடாக்கினால் வழிக்கு வருவார் என்று ஜெயகிருஷ்ணன் தண்ணீர்த் தொட்டியை உடைக்கவைத்தார். அந்தப் பெண் அசரவில்லை. தண்ணீர் எந்த நேரத்துக்கு வரும் என்று பூதமே சொல்லிவிட்டால், அதற்குத் தகுந்தபடி பிடித்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். வேறு வழியில்லாமல் அசரியாவின் வீரனைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவைத்தார்.

“ராத்திரி நேரம் கழிச்சு சத்தம் போட்டிருப்பாரு” என்று அசரியாவைப் பார்த்தார் அந்தப் பெண். “என்னால அந்தத் தொந்தரவு வராது. ஒம்பது மணிக்கெல்லாம் கதவைச் சாத்திடுவேன்.”

தலைகீழாகத் தொங்கிய அசரியாவுக்கு இப்போது வேறு சந்தேகம் வந்துவிட்டது. ஏரி பூதத்துடையதுதான் என்பதற்குப் பட்டா இருக்கிறதா என்று கேட்டார். பட்டா மட்டும் போதாது, வில்லங்கமும் போட்டுப் பார்க்கணும் என்றார் ஷெர்வின். தாம்பரத்துப் பக்கம் மனை வாங்கி அலைந்தவர்கள் இருவரும். வாளைக் கீழே போட்டுவிட்டு, விடைத்தாளின் பின்பக்கத்தில் ஏரிக்கு வரைபடம் போட ஆரம்பித்தார்கள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டது என்று ஜெயகிருஷ்ணன் நொந்துபோனார். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பூதத்தின் பாட்டனுக்கு ஒரு ராஜா ஏரியைத் தானம் கொடுத்த கதையைச் சொன்னார். செப்பேடு கிணற்றில் விழுந்ததைச் சொன்னார். பூதத்தின் தங்கை பாகம் கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்தாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, தங்கைக்கும் பங்கு உண்டு, கிடையாது என்று மூவரும் மல்லுக்கு நின்றார்கள். சூரியன் இறங்கிவிட்டது. விளக்கைப் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது போன் அடித்தது. பெங்களூர். ஜெயகிருஷ்ணன் பால்கனிக்குப் போய்ப் பேசினார். அவர்கள் ஆளுக்குக் காய்ச்சல், இன்றைக்குக் கிளம்பவே இல்லை, அடுத்த ஞாயிறு கட்டாயம் வருவார் என்று மன்னிப்புக் கேட்டார்கள். கூடவே ஒரு விஷயம் சொன்னார்கள்.

“சண்டை எப்படி வேணா போகட்டும் சார். மேசையை விட்டு யாரும் எழுந்திருக்காம இருக்காங்களா, அதைத்தான் நாங்க பாக்கப்போறோம்.”

ஜெயகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். பஜ்ஜி தொடப்படாமல் விறைத்துக் கிடந்தது. விடைத்தாள் கட்டு திருத்தப்படாமல் இருந்தது. மழை நின்றதும் பூதத்தை எங்கே குடிவைப்பது என்று ஷெர்வின் தொண்டை கட்ட வாதாடிக்கொண்டிருந்தார். தன் பூதம் பிழைத்துவிட்டது என்று ஜெயகிருஷ்ணனுக்குப் புரிந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

உள்ளே வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் அடுத்த சந்தேகம் உதித்தது.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க யாருன்னு...”

அந்தப் பெண் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் சண்டை சச்சரவு இல்லாமத்தான் பதில் சொல்லியிருக்கேன் சார், இந்த மாடி போர்ஷனை எனக்கு வாடகைக்குத் தருவீங்களா, மாட்டீங்களா?”