ஜாங்கிரிக்கு உபவாசம்

மனிதர்களுக்கு எனிமா கொடுத்துப் பழகிய கைக்கு ஒரு மீன் எம்மாத்திரம் என்று நினைத்தவள் நான். அந்தத் திமிருக்குத்தான் இன்றைக்கு வரைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, சூலக்கரைப் பக்கம் மாமியார் வீடு. நாத்தனார் மெர்சி பள்ளிக்கூட டீச்சர். இரண்டு வாரப் பயிற்சிக்குத் திருச்சி கிளம்பும்போது தன் தங்கமீனை என்னிடம் ஒப்படைத்தாள். பெயர் ஜாங்கிரி. ஆரஞ்சு நிறம், உருண்டை வயிறு, பாவாடை மாதிரி விரிந்த வால். என் மாமனார் இறப்பதற்கு முந்தின மாதம் மகளுக்கு ஆசையாக வாங்கிக்கொடுத்த மீன் அது.

"மதினி, காலையில ஒரு சிட்டிகை, சாயந்திரம் ஒரு சிட்டிகை. அம்புட்டுத்தான் தீனி. நீங்க நர்ஸுங்கிற தைரியத்துலதான் இவன விட்டுட்டுப் போறேன், பாத்துக்கிருவீகள்ல?" என்றாள்.

சொன்னபடி செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. ஆனால் நான் புது மருமகள். மீன் இளைத்துவிட்டால், 'மதினி பட்டினி போட்டுட்டாக' என்று பேச்சு வருமே! (எனக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி.) அதனால் வார்டில் மாத்திரை கொடுப்பதுபோல வேளை தவறாமல் நாலு வேளை, கை நிறையப் போட்டேன். மிதக்கிற காய்ந்த தீனி. ஜாங்கிரியும் மேலே வந்து, காற்றையும் சேர்த்து லபக் லபக்கென்று விழுங்கியது.

எட்டாம் நாள், திங்கட்கிழமை காலை, ஜாங்கிரி மல்லாந்து மிதந்தது. செத்தே போய்விட்டது என்று அலறிவிட்டேன். நல்லவேளை, செவுள் அசைந்தது. உடனே சிவகாசியில் இருந்த வண்ணமீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"மலச்சிக்கல் சிஸ்டர். காஞ்ச தீனி வயித்துக்குள்ள ஊறி உப்பிக்கிருச்சு. உள்ள ஒரு காத்துப்பை இருக்கும்ல, அது அமுங்கிப் போச்சு. அதான் நிமிர முடியல. மூணு நாளு சுத்தப் பட்டினி போடுங்க. அப்புறம் பச்சைப் பட்டாணிய அவிச்சு, தோல உரிச்சு, நசுக்கிக் கொடுங்க. தண்ணியச் சுத்தமா வைங்க. எந்திரிச்சிருவான்."

சனிக்கிழமை மெர்சி வந்துவிடுவாள். அதற்குள் இந்த மீனை நிமிர்த்தாவிட்டால் நான் நர்ஸே இல்லை என்று சபதம் எடுத்தேன். தொட்டியில் 'வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது' என்று அட்டை தொங்கவிட்டேன். பக்கத்திலேயே சார்ட். உள்ளே போனது, வெளியே வந்தது என்று இரண்டு கட்டம்.

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் ராக்கெட் செக்‌ஷன் போர்மேன். அன்று சாயந்திரம் வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சிஸ்டர், இது வயித்துக் கோளாறு இல்ல, பேலன்ஸ் கோளாறு. குச்சி இல்லேன்னா ராக்கெட்டும் இப்பிடித்தான் கெறங்கும். வால்ல ஒரு குச்சியக் கட்டி விடுங்க, ஜிவ்வுன்னு நேராப் போகும் பாருங்க" என்றவர், சட்டைப் பையிலிருந்து வழவழவென்று இழைத்த சின்னக் குச்சி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, மரியாதையாப் போயிருங்க" என்றேன். போய்விட்டார், குச்சியை வைத்துவிட்டு. (மறுநாள் அதை நானே மீனுக்குப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.)

செவ்வாய்க்கிழமை வேறு வாளியில் பேதியுப்புக் கரைத்துக் குளிப்பாட்டினேன். புதன்கிழமை காலை பார்த்தால் வயிறு முன்னைவிடப் பெருத்திருந்தது! பட்டினி கிடக்கிற நோயாளிக்கு வயிறு பெருக்குமா? எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை. தண்ணீரை மாற்றலாம் என்று குழாயை விட்டு அடியை உறிஞ்சியபோதுதான் விஷயம் புரிந்தது. வாளியில் நாலு சோற்றுப் பருக்கை, ஒரு பிஸ்கட் துண்டு, அப்புறம் எண்ணெய் மிதக்க ஒரு சாத்தூர் காராச்சேவு.

நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் வந்து நின்றார்கள். பிஸ்கட் என் கணவருடையது. சேவு முனியாண்டி அண்ணனுடையது ("ஒண்ணே ஒண்ணுதான் சிஸ்டர்"). சோறு மாமியார் போட்டது.

"அத்தை, லெந்து காலம்னு நீங்களே காலைச் சாப்பாட்ட விட்டுட்டு உபவாசம் இருக்கீக. மீனு மூணு நாள் இருக்கக் கூடாதா?"

"நான் எதுக்கு இருக்கேன்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா? கண்ணாடிக்கிட்ட வந்து வாயத் தெறந்து தெறந்து மூடுது."

"ஐயோ, அது மூச்சு விடுது அத்தை!"

"அவுக வாங்கி விட்ட மீனு, ஷீபா. பட்டினி போட்டுட்டு நான் எப்பிடிச் சோறு திங்க?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தார். என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. எனக்கும் அழுகை வந்தது.

ஆனாலும் விடுவேனா? தொட்டியை என் அறைக்கு மாற்றிப் பூட்டு போட்டேன். சாவியை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். மூன்று நாள் தினமும் தண்ணீர் மாற்றினேன். சனிக்கிழமை விடிந்ததும் பட்டாணியை அவித்து, உரித்து, நகத்தளவு நசுக்கிப் போட்டேன். பதினோரு மணிக்கு, நூல்கண்டு பிரிவதுபோல வர ஆரம்பித்தது. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஜாங்கிரி மெல்லப் புரண்டு, ஒரு தடவை தள்ளாடி, நிமிர்ந்து நீந்தியது. பிரசவம் பார்த்த மாதிரி நான் உட்கார்ந்து அழுதேன். அத்தை பக்கத்தில் முழங்காலில் நின்றார்.

சாயந்திரம் மெர்சி வந்தாள். தொட்டிக்குள் உற்றுப் பார்த்தாள். "மதினி, கொஞ்சம் இளைச்சிட்டானோ?" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு ஆராதனை. கோயில் நிறைந்த கூட்டம். காணிக்கைகளை வாசிக்கிற செயலாளர் மைக்கைத் தட்டிவிட்டு, கவரில் எழுதியிருந்ததை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"திருமதி ஷீபா அவர்கள். பல நாட்களாக இருந்துவந்த மலச்சிக்கல் நீங்கியதற்காக, ஸ்தோத்திர காணிக்கை."

பெண்கள் பக்கம் அத்தனை தலையும் என்னை நோக்கித் திரும்பியது. ஆண்கள் பக்கத்தில் என் கணவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மெர்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "அத்தை, என்ன பண்ணி வச்சிருக்கீக?" என்று முணுமுணுத்தேன்.

"சோறு போட்டு நாந்தான் கெடுத்துட்டேன், அது நிமிந்துட்டா காணிக்கை போடுறேன்னு அன்னைக்கே பொருத்தனை பண்ணிக்கிட்டேன்த்தா. ஆண்டவர் சந்நிதியில மீனுன்னு எழுத ஒரு மாதிரியா இருந்துச்சு. பாடுபட்டது நீதானன்னு ஒன் பேரப் போட்டேன்."

ஜாங்கிரி இன்றும் சௌக்கியமாக நீந்துகிறது. எங்கள் சபையில் அசன விருந்து என்றால் எல்லாருக்கும் ஒரு வாழைப்பழம், என் இலையில் மட்டும் மூன்று வைக்கிறார்கள். "மலச்சிக்கல் எனக்கு இல்லக்கா, எங்க வீட்டு மீனுக்கு" என்று நானும் வருடா வருடம் சொல்லிப் பார்க்கிறேன். பரிமாறுகிற அக்கா என் தோளை ஆதரவாகத் தட்டி, "ஆமா சிஸ்டர், மீனுக்குத்தான். வெக்கப்படாமச் சாப்பிடுங்க" என்கிறார்.