அம்பு மூட்டைக்குக் கழிவு இரண்டு கிலோ

நான் கணித ஆசிரியன், ஊருக்கெல்லாம் 'சேர்'. பத்து வருடமாகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நிறை, அளவு எல்லாம் கற்பிக்கிறேன். அப்படிப்பட்டவன் ஓர் அம்பின் நிறை தெரியாமல் ஊர் முன்னால் மண்ணைக் கவ்விய கதையைப் பிள்ளைகளிடம் இன்றுவரை மறைத்து வைத்திருக்கிறேன். (அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தோட்டத்தில் எது மறையும்?)

எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், நானுஓயாவுக்குக் கீழே இருக்கிறது. ஜனவரியில் செபஸ்தியார் திருநாள். பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நாடகம் நடக்கும். ரோமானிய வீரன் புனிதரை மரத்தில் கட்டி அம்பு எய்வான். எய்வதுபோல் வீரன் கையை ஆட்டுவான், புனிதர் "ஆ" என்பார், அவ்வளவுதான். அந்த வருடம் வீரன் வேஷம் எனக்கு. நிஜமாகவே அம்பு விடுவேன் என்று வாயை விட்டுவிட்டேன். புனிதர் மேல் அல்ல, அவருக்கு ஒரு முழம் தள்ளி நிற்கும் வாழைத்தண்டின் மேல்.

இந்த வீரமெல்லாம் ஸ்டெல்லாவுக்காக. எங்கள் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். அவளைப் பெண் கேட்டு ஃபாதர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். அவளுடைய அப்பா சவரிமுத்து கணக்கப்பிள்ளை, "திருநாள் முடியட்டும், பாப்போம்" என்று சொல்லியிருந்தார். இதில் செபஸ்தியார் வேஷம் போட்டது யார் என்றால், நானுஓயா ஸ்டேஷனில் வேன் ஓட்டும் அவளுடைய அண்ணன் அந்தோனி.

"எங்க அண்ணன் மேல ஒரு கீறல் பட்டாலும் கல்யாணப் பேச்சே கெடையாது, சொல்லிட்டேன்" என்றாள் ஸ்டெல்லா.

ஆள் உயரத்துக்கு மூங்கில் வில் ஒன்று செய்தேன். மூங்கிலைச் சீவி அம்பு பன்னிரண்டு. அதற்குப் பிறகுதான் வில்வித்தையைப் படிப்போம் என்று தோன்றியது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் எங்களுக்குச் சிக்னல். அங்கே நின்று ஒரு வீடியோ பார்த்தேன். வில்லின் வலுவுக்கு ஏற்ற நிறையில் அம்பு இருக்க வேண்டும், முதலில் அம்புகளை நிறுத்துப் பாருங்கள் என்றார் ஒருவர். "வலுவான வில்லில் மிகவும் இலேசான அம்பைப் போட்டால்..." என்ற இடத்தில் சிக்னல் போய்விட்டது. போட்டால் நன்றாகப் பறக்கும் போலிருக்கிறது என்று அவர் வாக்கியத்தை நானே முடித்துக்கொண்டேன்.

நிறுப்பதற்குத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தை விட்டால் இடம் ஏது? பெண்கள் கொழுந்து மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். நானும் அம்புகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நின்றேன். (மாப்பிள்ளை ஆகப்போகிறவன் செய்கிற காரியமா இது?) கணக்கப்பிள்ளை என் சாக்கையும் தராசில் மாட்டினார். எண்ணைப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கிலோ கழிவு. சேர், நீங்கதான் தோட்டத்துக்கு ஒரு கிலோ அறுநூறு கொழுந்து தரணும்."

மடுவமே சிரித்தது. "நாளைக்கு எங்ககூட மலைக்கு வாங்க சேர், பறிச்சுக் குடுத்துறலாம்" என்றார் ஓர் அக்கா. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எண்ணைக் கேட்காமல், அவர் சொன்னதிலிருந்து கழித்துப் பார்க்கவும் தோன்றாமல் சாக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்டெல்லா சொன்ன கீறல் வேறு மனதில் உறுத்தியது. இலேசான அம்பு தப்பித் தவறிப் பட்டாலும் நோகாது என்று கணக்குப் போட்டேன். மூங்கில் அம்புகளை அடுப்பில் வைத்துவிட்டு, மானாப்புல் தண்டில் புது அம்பு செய்து நுனியில் குடைக்கம்பித் துண்டைச் செருகினேன். கையில் வைத்தால் இருப்பதே தெரியாது.

திருநாளன்று அந்தோனி சிவப்புத் துண்டோடு, உடம்பெல்லாம் சாயக் காயங்களோடு மரத்தில் கட்டுண்டு நின்றான். ஜனவரிக் குளிரில் அவன் பல் அடித்துக்கொண்டது. "சீக்கிரம் விடுங்க சேர், அம்புக்கு முன்னாடி குளிர்லயே செத்துருவேன்" என்றான்.

"இது சக்கரவர்த்தியின் ஆணை!" என்று முழங்கி, நாணைக் காதுவரை இழுத்து விட்டேன்.

படார்!

அம்பு வாங்கிக்கொள்ளாத வேகத்தையெல்லாம் வில் தானே வாங்கிக்கொண்டு இரண்டாக உடைந்தது. ஒரு பாதி என் நெற்றியைப் பதம் பார்த்தது. அம்பு நாலு அடி போய், முன்வரிசையில் இருந்த கணக்கப்பிள்ளையின் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். ரத்தம் கண்ணை மறைக்குமுன் நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

"ஐயையோ, சேருக்கு ரத்தம்!" அந்தோனி கயிற்றை உதறிவிட்டு ஓடிவந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டான். தன்னைக் கொல்ல வந்தவனைப் புனிதர் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துச் சனம் கைதட்டியது. அந்த வருடப் பிரசங்கத்தை விட இது நன்றாக இருந்ததாக ஃபாதரே பிறகு ஒத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி ஊழியர் "மொகத உனே?" என்று, என்ன ஆச்சு எனச் சிங்களத்தில் பதறி, என்னை விட்டுவிட்டு அந்தோனியைக் கட்டிலில் படுக்க வைத்தார். பாவம், அவ்வளவு சாயம்! அவனைத் துடைத்துப் பார்த்துக் காயம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு ஐந்து தையல்.

பின்னாலேயே கணக்கப்பிள்ளை வந்தார். கையில் அந்த அம்பு. என் கல்யாணம் முடிந்தது, ஆரம்பிக்காமலே முடிந்தது என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அன்னைக்கு நின்னு கேட்டிருந்தா நானூறு கிராமுன்னு சொல்லிருப்பேன். கழிவு சும்மா சிரிக்கிறதுக்கு. இத ஏன் இவ்வளவு லேசா செஞ்சீங்க?"

"அந்தோனி மேல பட்டுட்டா நோகக் கூடாதுன்னுதாங்க ஐயா."

அவர் என் நெற்றித் தையலையும் மகனின் சாயத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சேர் பேசுறதுல ரெண்டு கிலோ கழிச்சாலும் ஒரு மனுசன் மிஞ்சுறாரு. ஸ்டெல்லாகிட்ட சொல்லிர்றேன்."

கல்யாணப் படத்தில் என் நெற்றித் தழும்பு தெளிவாக விழுந்திருக்கிறது. அன்று தொடங்கிய கழிவும் இன்னும் நிற்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் வீட்டில் இரண்டு கிலோ கழித்துத்தான் எடுப்பார்கள். எங்கள் மகள் பிறந்தபோது மூன்று கிலோ நூறு என்று பெருமையாகப் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் மாமா உடனே கணக்கில் இறங்கினார்.

"யாரு நிறுத்தது? நர்ஸா, நீங்களா?"