இருநூற்று முப்பது வோல்ட் மாப்பிள்ளை

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை. இது தானா வெடிச்சதா, யாராவது ஏதாவது பண்ணி வெடிக்க வெச்சதா?" என்று மாமனார் கேட்டார்.

மாப்பிள்ளை மடியில் கிடந்த பெட்டியைப் பார்த்தார். அவரே துளை போட்டு, அவரே கம்பி இழுத்து, அவரே மூடியைத் திருகிய பிளாஸ்டிக் பெட்டி. மூன்று வாரத்துக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "இது இருக்கிற வரைக்கும் உங்க டிவி பக்கத்துல ஒரு வோல்ட் கூட அதிகமா நெருங்காது மாமா" என்று சொல்லிக் கொடுத்த பெட்டி. இப்போது வாய் பிளந்து, தீய்ந்த வாசனையோடு கிடந்தது. மாமனார் பதினோரு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த டிவி மட்டும் எதிரே ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் ஒரு நீல வில்லை இரண்டாக விரிந்திருந்தது. சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரியது. வேரிஸ்டர் என்று பெயர். உலோக ஆக்ஸைடை அழுத்திச் சுட்டுச் செய்வது. மின்சாரம் ஒழுங்காக வரும் வரைக்கும் அது தூங்கும். அளவு மீறித் துள்ளிக்கொண்டு வந்தால் விழித்துக்கொண்டு, வந்ததையெல்லாம் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் ஃப்யூஸ் போகும், சில சமயம் அதுவே போகும், பின்னால் இருக்கும் சாமான் பிழைக்கும். எந்த அளவு வரைக்கும் தூங்கலாம் என்பதை அதன் முதுகிலேயே எழுதியிருப்பார்கள்.

மாப்பிள்ளை முதுகைத் திருப்பிப் பார்த்தார். 230 என்று இருந்தது. அவருடைய இரண்டு காதும் சூடாகின.

வில்லையை வாங்கின அன்றைக்கே உதிரிபாகக் கடைக்காரர் சொன்னார். "275 எடுத்துக்கிட்டுப் போங்க சார். எல்லாரும் அதான் போடறாங்க."

"எல்லாரும் போடறதுக்கு நான் எதுக்கு? வீட்டுக்கு வர்றது 230. எனக்குக் கரெக்டா 230 குடுங்க."

கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். தப்பான சரக்கைத் தெளிவாகக் கேட்டு வாங்குகிற ஆளோடு எந்த வியாபாரியும் வாதாடுவதில்லை.

வெறும் வயிற்றில் இடுப்பளவு எடுத்து, ஒரு நூல் இடம் விடாமல் தைத்த கால்சட்டை என்ன ஆகும்? விருந்து முடிந்து எழுந்தால் பொத்தான் தெறிக்கும். வீட்டு மின்சாரமும் அப்படித்தான். 230 என்பது பேச்சுக்கு. மத்தியானம் ஆனால் 245, 250 என்று தொப்பை போடும். ஒவ்வொரு மத்தியானமும் வில்லை பாதித் தூக்கத்தில் எழுந்து, கொஞ்சம் சூடாகி, கொஞ்சம் நலிந்து, இருபதாம் நாள் பொறுக்க மாட்டாமல் வெடித்திருக்கிறது.

மாப்பிள்ளைக்கு மானம் போனது இதனால் மட்டும் இல்லை. அவருக்குச் சோறு போடுவதே இந்த வேலைதான். சர்க்யூட் போர்டு கம்பெனியில் சோதனைப் பிரிவின் தலைவர். யாராவது இழுத்துப் பிடித்த அளவில் பாகம் போட்டால் போர்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, "உங்க மாமனார் வீட்டுக்குன்னா இப்படிப் போடுவீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பவர்.

"என்ன மாப்பிள்ளை, சத்தத்தையே காணோம்" என்றார் மாமனார்.

"தப்பான வில்லை போட்டுட்டேன் மாமா" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் மாமனார் தொடங்கி ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் எல்லோரும் நூல், பொத்தான் மொத்த வியாபாரம். 'எஞ்சினியர் மாப்பிள்ளை' என்று அங்கே ஒரே ஆள்தான். அந்தப் பட்டத்துக்காகத்தான் டிவிக்கு நேர் எதிரான நாற்காலியை மாமனார் அவருக்கு விட்டுக்கொடுப்பார்.

"சர்ஜ் மாமா" என்றார். "வெளியிலேர்ந்து கரண்ட் திடீர்னு பெரிசா துள்ளி வந்திருக்கு. இது தன் உயிரைக் குடுத்து டிவியைக் காப்பாத்தியிருக்கு."

மாமனார் மெதுவாக எழுந்தார். மாமியாரைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு வெடித்த வில்லையை இரண்டு விரலால் எடுத்து, ஷோகேஸில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நம்ம வீட்டுல டிவி ஓடுதுன்னா அது மாப்பிள்ளை போட்ட பிச்சை" என்றார்.

மாப்பிள்ளை தரையில் இருந்த டைல்ஸை எண்ணத் தொடங்கினார்.

மறுநாளே 275 வில்லை போட்ட புதுப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதே 230 வில்லையோடு இன்னொரு பெட்டி கீழ்த்தளத்தில் இருந்தது. மாமனார் வீட்டுக்குக் கீழே வாடகைக்கு இருக்கும் பல் டாக்டரம்மாவுக்கு, கேட்காமலேயே செய்து கொடுத்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்க்ரூடிரைவரோடு போனார். "பெட்டியை ஒரு சர்வீஸ் பண்ணிடலாம்னு வந்தேன் டாக்டர்."

"போன வாரம்தானே குடுத்தீங்க? அதுக்குள்ள என்ன சர்வீஸ்?" டாக்டரம்மா ஒரு பெரியவரின் வாய்க்குள் விரலை விட்டபடியே பேசினார். "அஞ்சு நிமிஷம் உக்காருங்க. கடவாய்ப் பல்லுல இருக்கேன்."

"இல்ல, ஒரு நிமிஷ வேலைதான்—"

"உக்காருங்க சார். இவர் வாயை மூடிட்டார்னா மறுபடி திறக்க வெக்க எனக்கு அரை மணி ஆகும்."

உட்கார்ந்தார். மூன்றாவது நிமிஷம் பெட்டி வெடித்தது. நாற்காலி விளக்கு அணைந்தது. பெரியவர் வாயை மூடினார். விரல் உள்ளேதான் இருந்தது.

"என்ன சார் இது?" டாக்டரம்மா விரலுக்குக் கட்டுப் போட்டபடி கேட்டார்.

பழகிய வாய். "சர்ஜ்" என்றது.

ஒரே வாரத்தில் இரண்டு சர்ஜ் என்றதும் மாமனாருக்கு ரத்தம் கொதித்தது. எஞ்சினியர் மாப்பிள்ளை இருக்கும்போது எவனுக்குப் பயம்? மின்சார அலுவலகத்துக்கு மூன்று பக்க மனு எழுதினார். கடைசிப் பக்கத்தில், 'மேற்படி சர்ஜ்கள் இரண்டையும் எங்கள் மாப்பிள்ளை நேரில் ஆராய்ந்து உறுதி செய்துள்ளார்' என்று எழுதி, மாப்பிள்ளையின் பெயர், பதவி, கம்பெனி, தொலைபேசி எண் எல்லாம் போட்டு, அடியில் கோடும் போட்டிருந்தார்.

"எதுக்கு மாமா இதெல்லாம்? விட்டுடலாமே."

"நீங்க பெருந்தன்மையா இருக்கீங்க மாப்பிள்ளை. நான் விடமாட்டேன்."

நாலாம் நாள் மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். அதிகம் பேசாதவர். மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பதிவுக் கருவியை மாட்டினார். "ஏழு நாள் இருக்கட்டும். லைன்ல என்ன வந்தாலும் நேரத்தோட எழுதிடும். அடுத்த புதன்கிழமை எல்லார் முன்னாலயும் படிச்சுக் காட்டறேன்."

மாப்பிள்ளைக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கருவியில் ஒன்றும் வராது என்று அவருக்குத் தெரியும். சர்ஜே இல்லையென்றால் பெட்டி ஏன் வெடித்தது என்று அடுத்த கேள்வி வரும். மூன்று நாள் யோசித்ததில், சர்ஜ் தானாக வராவிட்டால் வரவழைக்க வேண்டியதுதான் என்று தோன்றியது. பெரிய மோட்டாரைப் போட்டுப் போட்டு அணைத்தால் லைனில் ஒரு உதை விழும். கொஞ்சமாவது பதிவாகும்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மாமனார் வீட்டுக்குப் போனார். சாப்பிட்டு எல்லோரும் கண்ணசந்த நேரம் பார்த்துப் பின்கட்டுக்குப் போய், தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் பிடித்தார். போட்டார், அணைத்தார். போட்டார், அணைத்தார். நாற்பத்தொன்றாவது தடவை மோட்டார் ஒரு முனகல் முனகி, புகை விட்டு, ஓய்ந்தது.

சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தாள். "என்னங்க பண்றீங்க இங்க?"

"தண்ணி வருதான்னு பாத்தேன்."

"வருதா?"

"இனிமே வராது."

மாமனார் வந்து மோட்டாரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"சர்ஜ்."

"ஆமா மாமா."

"மூணாவது. மோட்டாருக்கும் ஒரு பெட்டி கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அந்த 'தப்பு என்னோடதுதான்' மாப்பிள்ளையை அடுத்த மூன்று நாளும் தின்றது. மாமியார் படியேறிப் படியிறங்கிக் கீழ்த்தளக் குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். சாயங்காலம் எட்டிப் பார்க்க வரும் மாப்பிள்ளை குறுக்கே போய்க் குடத்தை வாங்கினால், "நீங்க போய் உக்காருங்க, உங்களுக்கு ஆயிரம் யோசனை இருக்கும்" என்று பிடுங்கிக்கொண்டார்.

புதன்கிழமை கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். கட்டுப் போட்ட விரலோடு டாக்டரம்மாவும் வந்திருந்தார். பொறியாளர் நீளமான காகிதத்தை மேஜை மேல் விரித்தார்.

"ஏழு நாள்ல அதிகபட்சம் 251. அது அனுமதிச்ச அளவுக்குள்ளதான். வெளியிலேர்ந்து ஒரு சர்ஜ் கூட வரல." ஓர் இடத்தில் விரலை வைத்தார். "ஆனா இது என்னன்னு எனக்குப் புரியல. ஞாயித்துக்கிழமை மூணு மணியிலேர்ந்து மூணே கால் வரைக்கும், இந்த வீட்டுக்குள்ளயே யாரோ ஒரு மோட்டாரை நாப்பத்தோரு தடவை போட்டுப் போட்டு அணைச்சிருக்காங்க. வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

டாக்டரம்மா இருமினார்.

"அந்த வெடிச்ச வில்லை இருக்கா?"

மாமனார் ஷோகேஸிலிருந்து எடுத்துப் பயபக்தியோடு கொடுத்தார். பொறியாளர் அதை வெளிச்சத்தில் திருப்பினார். "230ன்னு போட்டிருக்கு. 251 வர்ற லைன்ல 230 வில்லையா? இதை எந்தப் புண்ணியவான் போட்டது?"

எல்லாக் கண்ணும் ஒரே நாற்காலிக்குத் திரும்பின. டிவிக்கு நேர் எதிரான நாற்காலி.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். எழுந்த பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான்தான். கடைக்காரர் 275 எடுக்கச் சொன்னார். நான்தான் பெரிய இவன் மாதிரி 230 கேட்டு வாங்கினேன். சர்ஜ் எதுவும் வரல மாமா. அன்னிக்கே எனக்குத் தெரியும். வெக்கமா இருந்துச்சு, பொய் சொன்னேன். டாக்டர் விரல் கடிபட்டதுக்கும் நான்தான் காரணம். மோட்டாரை எரிச்சதும் நான்தான். அத்தை மூணு நாளாத் தண்ணி சுமக்கறாங்க, அதையும் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்." மாமனார் பக்கம் திரும்பினார். "எல்லாத்துக்கும் மேல, அந்தப் பெட்டியை நம்பித்தானே மாமா மூணு வாரம் டிவியை அதுல சொருகி வெச்சிருந்தீங்க. அது எரிஞ்சு போயிருந்தா நான் எந்த முகத்தோட இந்தப் படி ஏறியிருப்பேன்?"

மாமனார் ஜன்னலைப் பார்த்தார். மனைவி புடவைத் தலைப்பின் நுனியைப் பார்த்தாள். பொறியாளர் காகிதத்தைச் சுருட்டினார்.

அந்த வீட்டில் மாப்பிள்ளை முன்னால் நாலு வார்த்தைக்கு மேல் பேசியறியாத மாமியார், குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மகள் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்:

"அதுக்குப் போய் ஏன் கலங்கறீங்க மாப்பிள்ளை, நீங்க உங்க வீட்டுலேர்ந்து கிளம்பினதும் இவ போன் பண்ணுவா, அப்பதான் டிவியை அந்தப் பெட்டியில மாத்திச் சொருகுவோம்; நீங்க தெருமுனை திரும்பினதும் உங்க மாமா மொத வேலையா டிவியை அதுலேர்ந்து பிடுங்கிடுவார்."