ஆறடி, அதற்குக் குறையாமல்

“முப்பத்திரெண்டாயிரமா? மரத்துக்கா? இது என்ன, காய் காய்க்குமா?”

விஜயகலா கேட்டதற்குக் கடைக்காரர் ஸப்வான் சிரிக்கவில்லை. “காய்க்காது அக்கா. மடிச்சுப் பெட்டியில வைக்கலாம். இருபது வருசம் நிக்கும்.”

“எங்களுக்கு ஞாயித்துக்கிழமை அந்தி வரைக்கும் நின்னா போதும்.”

யோகராஜ் அக்காவின் பின்னால் நின்று கிறிஸ்மஸுக்கு வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் நத்தார் மரத்தைப் பார்த்தான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். மரங்களைப் பற்றி ஒரு பாடவேளை முழுக்கப் பேசுவான். இந்த மரத்தைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“சின்னது இருக்கு சேர். நாலாயிரம்தான்.” ஸப்வான் மேசையில் ஒன்றை எடுத்து வைத்தார். அது கறிவேப்பிலைக் கன்று அளவில் இருந்தது.

“ஆறடின்னு சொல்லிட்டேனே அக்கா,” என்றான் யோகராஜ்.

“ஏன்டா சொன்ன?”

அது அவனுக்கும் தெரியவில்லை. இருவரும் வெறுங்கையோடு புளத்கொகுபிட்டிய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

மனைவி ஜீவராணி இறந்து இரண்டு வருடம். அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் யோகராஜ் “சரி” என்றான். சாப்பிடுறியா, சரி. சட்டையை மாத்து, சரி. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிறியா என்று அக்கா கேட்டபோதும் சரி என்றான். அவள் உடனே தரகர் பொன்னுத்துரைக்குப் போன் பண்ணிவிட்டாள்.

“பொண்ணு குருவிட்டப் பக்கம். பேரு லோஜினி. தங்கமான குடும்பம்,” என்றார் பொன்னுத்துரை. “ஒரே ஒரு விசயம். வேதக்காரங்க. ரெண்டு வருசமா சபைக்குப் போறாங்க. நம்மளும் அந்தப் பக்கந்தான்னு சொல்லி வச்சிருக்கேன். மத்ததெல்லாம் தாலி கட்டுன பொறகு பேசிக்கலாம்.”

போன ஞாயிறு பெண் பார்க்கப் போனார்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது மரம்தான். மூலையில் நட்சத்திரத்தோடு நின்றது. அடிக்கிளை ஒன்றை மட்டும் நீல ரிப்பனால் தூக்கிக் கட்டியிருந்தார்கள். பெரியவர்கள் மாவு விலையையும் மழையையும் பேசிக்கொண்டிருந்தபோது லோஜினி தேத்தண்ணீரோடு வந்தாள்.

“உங்க வீட்லயும் மரம் வைப்பீங்களா?”

“வைப்போம்,” என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆறடி.”

“ஆறடியா!”

“நீங்க எத்தன மணிக்குச் சர்ச்சுக்குப் போவீங்க?”

“நீங்க போற நேரத்துக்கு,” என்றாள். அந்தப் பதில் அவனுக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்காதது போலத்தான் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அவங்க பேரு என்னங்க?”

“யாரு?”

“உங்க வீட்ல இருந்தவங்க.”

இரண்டு வருடத்தில் யாரும் அவனிடம் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. எல்லோரும் அதைச் சுற்றி நடந்து போனார்கள். “ஜீவராணி,” என்றான்.

“நல்ல பேரு,” என்று சொல்லிவிட்டு அவள் வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் யோகராஜ் கேட்டான்: “அவங்க எப்ப நம்ம வீடு பாக்க வருவாங்க?” தம்பி தானாக ஒரு கேள்வி கேட்டதில் விஜயகலா இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள்.

மரத்தின் விலையைக் கேட்டு அதிகம் கோபப்பட்டது அக்காவின் புருஷன் சுதாகரன்தான்.

“தோட்டத்துல இருந்துகிட்டு மரத்துக்குக் காசா? தொர பங்களா ரோட்டுல சைப்பிரஸ் மரம் வரிசையா நிக்குது. சும்மா வருது பாரு.”

சும்மா வந்தது. கூடவே தோட்டத்துக் காவல்காரரான வாச்சரும் வந்தார்.

“மாஸ்டர் வீட்லயே கம்பனி மரமா? தொரைக்குத் தெரிஞ்சா என்னா ஆகும்?” தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரியாமலிருக்க ஒரு போத்தல் சாராயம் ஆனது. தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கருக்குத் தெரியாமலிருக்க இன்னொரு போத்தல். அவருக்கு எதுவுமே தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

மரம் ஒன்பதடி. சுதாகரன் அதை நிமிர்த்திய வேகத்தில் கூரைச் சீட் ஒன்று வெடித்தது.

“மச்சான், அடியை வெட்டுங்க,” என்றான் யோகராஜ்.

சுதாகரன் அதற்குள் நுனியை வெட்டியிருந்தார். மிச்சம் நின்றது மரம் மாதிரியே இல்லை. காற்றில் புரண்ட குடை மாதிரி இருந்தது. “நட்சத்திரத்தை எங்கடா வைக்கிறது?” என்று விஜயகலா கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மரத்தில் சுற்றிக் கிடந்த கொடியிலிருந்த செவ்வெறும்புக் கூடு உடைந்தது. பத்து நிமிடத்தில் மூன்று பேரும் முற்றத்தில் நின்று குதித்தார்கள். வீட்டுக்குள் எறும்புகள் மட்டும் இருந்தன.

எறும்பு மருந்து ஒரு செலவு. சீட்டை மாற்றினது இன்னொரு செலவு. மரத்தை வெளியே போட்டதும் வாச்சர் மறுபடியும் வந்தார். “இப்பிடி ரோட்டுல கெடந்தா தொர கண்ணுல படாதா?” அதை விறகாக அறுத்து மறைக்க ஆள் பிடித்துக் கூலி கொடுத்தார்கள்.

விஜயகலா எறும்பு கடித்த காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: “விடுடா. காய்ச்சல்னு சொல்லிருவோம். வரவேணாம்னு போன் பண்ணிடுறேன்.”

“வேணாம்.”

“அதத்தானே நானும் சொல்றேன்.”

“போன் பண்ண வேணாம்கிறேன். அவங்க வரட்டும்.”

அவள் எண்ணெய்ப் போத்தலை மூடாமல் தம்பியைப் பார்த்தாள். பிறகு பர்ஸை எடுத்தாள்.

முப்பத்திரண்டாயிரம் ரூபாய் மரத்தை அன்று காலைதான் ஒரு நகைக்கடைக்காரர் வாங்கிப் போனாராம். ஸப்வானுக்கே வருத்தம். கடைசியில் பொன்னுத்துரையைத்தான் கூப்பிட்டார்கள்.

“இத மொதல்லயே என்கிட்ட சொல்றதுக்கென்ன தம்பி? வாடகைக்கு மரம் இருக்கு. ஆறாயிரம். யாரு மரம்னு மட்டும் கேக்காதீங்க.”

சனிக்கிழமை ஒரு நீளப் பெட்டியில் மரம் வந்தது. பொன்னுத்துரை வரவில்லை. அவருக்குக் காய்ச்சலாம்.

கிளைகளைப் பொருத்தி யோகராஜே மரத்தைப் பூட்டினான். ஐந்தரை அடி இருந்தது. நட்சத்திரத்தை வைத்ததும் ஆறடி. கீழே ஒரு கிளை தொங்கிவிடாமல் நீல ரிப்பனால் கட்டப்பட்டிருந்தது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். குருவிட்டையிலும் இப்படித்தான் இருந்தது. வேதக்காரர் வழக்கமாக இருக்கும் என்று நினைத்து, முடிச்சை நன்றாக வெளியே தெரியும்படி திருப்பி வைத்தான்.

“இதுவரைக்கும் போன காசுக்கு அந்த இருவது வருச மரத்தையே வாங்கியிருக்கலாம்,” என்றார் சுதாகரன்.

ஞாயிறு காலை விஜயகலா முருகன் படத்தைக் கழற்றி அரிசிப் பெட்டிக்குள் வைத்தாள். சுவரில் அந்த இடம் மட்டும் சதுரமாக வெள்ளையாகத் தெரிந்தது. சுதாகரனின் நெற்றியை ஈரத்துணியால் அவளே துடைத்துவிட்டாள்.

குருவிட்டைக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். லோஜினியின் அப்பா ஐயாவு, அம்மா இந்திராணி, பின்னால் லோஜினி.

“ஸ்தோத்திரம்ங்க,” என்று விஜயகலா கைகூப்பினாள்.

“உங்களுக்கும்ங்க,” என்றார் இந்திராணி. அவருடைய நெற்றி நடுவில் பொட்டு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் வெளுத்திருந்தது. அவர் அந்தச் சுவரின் வெள்ளைச் சதுரத்தையே பார்த்தார். யோகராஜ் அவர் நெற்றியைப் பார்த்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

ஐயாவு மரத்தைச் சுற்றி வந்தார். “நல்லாத்தான் இருக்கு. எங்கேயோ பாத்த மாதிரி.”

“எல்லா மரமும் ஒரே மாதிரிதானுங்களே,” என்றார் சுதாகரன் அவசரமாக.

கேக் வந்தது. யாரும் தொடவில்லை.

“ஜெபம் பண்ணிட்டுச் சாப்பிடலாமே,” என்றாள் விஜயகலா. “மொதல்ல நீங்க.”

“ஐயோ, வீட்டுக்காரங்க இருக்கையில நாங்களா? நீங்க சொல்லுங்க.”

“பெரியவங்க நீங்கதான்.”

“அனுபவம் உங்களுக்குத்தானே கூட.”

வேறு வழி தெரியாமல் சுதாகரன் கண்ணை மூடினார். அவர் ஆரம்பித்துவிட்டார் என்று ஐயாவு கண்ணை மூடினார். வரிசையாக எல்லோரும் மூடினார்கள். எதிர்ப்பக்கம் சொல்லட்டும் என்று இந்தப் பக்கம் காத்திருந்தது. அந்தப் பக்கமும் அப்படியே. மருந்துக்குத் தப்பிய ஒரு செவ்வெறும்பு கேக்கின் மேல் ஏறியது. யாரோ முணுமுணுப்பது கேட்டது. ஐயாவுவின் வாயிலிருந்து “சரவணபவ” என்று வந்து, இருமலாக முடிந்தது.

யோகராஜ் ஒரு கண்ணைத் திறந்தான்.

லோஜினியின் இரண்டு கண்களும் திறந்திருந்தன. அவள் நீல ரிப்பனைப் பார்த்தாள். தன் பின்னலை முன்னால் எடுத்து அதன் நுனியைப் பார்த்தாள். அங்கேயும் அதே நீலம். பிறகு அவனைப் பார்த்தாள். அவளுடைய உதடு துடித்தது. அழப் போகிறாளா, சிரிக்கப் போகிறாளா? அவனுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் இவள் எழுந்து போய்விடக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

வாசலில் செருமல் கேட்டது. குருவிட்டைக்காரர்களைக் கூட்டி வந்த வேன் டிரைவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“கும்புட்டு முடிஞ்சிதுங்களா? தரகர் பொன்னுத்துரை இப்பத்தான் போன் பண்ணாரு. போறப்ப அவரு மரத்தையும் வேன்லயே ஏத்திட்டு வரச் சொன்னாரு. நாளைக்குக் கொடகவெலயில ஒரு வீட்ல வைக்கணுமாம், அவங்களும் உங்க ரெண்டு வீடு மாதிரியே முருகனைக் கும்புடுற ஆளுங்கதானாம்.”